மூசி நதியை அடக்கிய மேதை

சென்ற கோடை விடுமுறையில் ஐதராபாத்திலுள்ள என் சித்தி வீட்டிற்குச் சென்றிருந்தேன். சார்மினாரையும் கோல்கொண்டாக் கோட்டையையும் பார்த்த பின்பு, சித்தப்பா எங்களை உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திற்கு அழைத்துச் சென்றார். மருத்துவமனையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நானும் தங்கையும் முணுமுணுத்துக்கொண்டே சென்றோம். அங்கே ஒரு பழைய புளியமரம் நின்றது. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி நதி பொங்கி நகருக்குள் புகுந்தபோது, ஏறக்குறைய 150 பேர் அம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தார்களாம். மரத்தில் இடம் கிடைக்காதவர்களை எண்ணி நான் பேச்சற்று நின்றேன். அவ்வெள்ளத்தில் மாண்டவர்கள் சுமார் 15,000 பேர்.

அத்தகைய நாள் மீண்டும் வராதிருக்க வழி கூறும்படி நிஜாம் அரசு ஒரு பொறியாளரை அழைத்தது. அவர்தாம் சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. அவருடைய பிறந்த நாளாகிய செப்டம்பர் 15-ஐத்தான் நம் நாடு பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறது.

மைசூர் அரசில், சிக்கபள்ளாபூருக்கு அருகிலுள்ள முத்தனஹள்ளி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்தபோது, பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் செலவைச் சரிக்கட்டிக்கொண்டார். 1881-இல் பட்டம் பெற்று, புனா அறிவியல் கல்லூரியில் பொறியியல் பயின்று, தேர்வில் முதலாவதாக வந்தார். உடனே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. அங்கே அவர் ஆற்றிய பணிகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் கூறுகிறேன். புனாவுக்கு அருகில் கடக்வாசலா அணைக்கட்டில், 1903-இல், தாமாகவே இயங்கும் மதகுகளை அவர் அமைத்தார். நீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் மதகுகள் தாமே திறந்துகொள்ளும். மட்டம் இறங்கியதும் தாமே மூடிக்கொள்ளும். பின்னர் குவாலியரில் திக்ரா அணைக்கும், மைசூரில் கிருஷ்ணராஜ சாகருக்கும் இம்முறை பயன்பட்டது. நள்ளிரவில் வெள்ளம் வந்தாலும் மதகைத் திறக்க ஆள் ஓட வேண்டாம் அல்லவா!

பம்பாய்ப் பணியிலிருந்து ஓய்வு பெறும் எண்ணத்துடன் அவர் ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தபோதுதான் ஐதராபாத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்போது ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலி கான் ஆண்டுகொண்டிருந்தார். 1909-ஆம் ஆண்டு ஏப்ரலில் விசுவேசுவரய்யா ஐதராபாத் வந்து சேர்ந்தார்.

வந்தவர் நகரத்தை மட்டும் பார்த்துவிட்டு, இரு கரைகளிலும் உயரமாகச் சுவர் எழுப்புங்கள் என்று கூறிச் சென்றிருக்கலாம். அவரோ ஆற்றின் மேற்பகுதி முழுவதையும் ஆராய்ந்தார். மழைக் கணக்குகளைத் திரட்டினார். நகருக்குத் தென்மேற்கே ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குல மழை கொட்டியிருந்தது. ஆனால் மழை மட்டுமே காரணமன்று. மூசியும் அதன் துணையாறாகிய ஈசியும் நீர் பெறும் நிலப்பரப்பில் ஏறத்தாழச் சதுர மைலுக்கு ஓர் ஏரி வீதம் ஏரிகள் நிறைந்திருந்தன. மேலே இருந்த ஏரி உடைந்ததும் அதன் நீர் முழுவதும் கீழேயிருந்த ஏரியின்மேல் பாய்ந்தது, அதுவும் உடைந்தது. இப்படிச் சங்கிலித் தொடர்போல் 200-க்கும் மேற்பட்ட ஏரிகள் உடைந்தன. அந்த நீரெல்லாம் ஒன்றுசேர்ந்து, நொடிக்கு ஏறத்தாழ 4,25,000 கன அடி வீதம் நகரின்மேல் வந்து விழுந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்து இந்த எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்க முயன்று, நான் பாதியில் விட்டுவிட்டேன்.

ஆறே மாதங்களில், 1909 அக்டோபரில், அவர் தம் அறிக்கையை அளித்தார். நகருக்குச் சில மைல் மேலே மூசியின் குறுக்கே ஒன்றும், ஈசியின் குறுக்கே ஒன்றுமாக இரு பெரிய நீர்த்தேக்கங்கள் வேண்டும் என்றார். பெருவெள்ளம் வரும்போது அவை அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஆற்றின் கரைகள் தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக வெளியே விட வேண்டும். அப்படியானால் வெள்ளத்திற்கென்று நீர்த்தேக்கத்தில் காலியிடம் இருந்தாக வேண்டும். அணை என்றாலே நீரை நிரப்பி வைப்பதற்குத்தான் என்று நான் எண்ணியிருந்தேன். நிரப்பாமல் விட்ட இடமும் ஒரு நகரத்தைக் காக்கும் என்பதை இவர் வரலாற்றைப் படித்துத்தான் அறிந்தேன்.

நகரின் கழிவுநீரை ஆற்றில் கலக்கவிடாமல், நிலத்தடிக் குழாய்களின் வழியாக ஊருக்கு வெளியே கொண்டு செல்வதற்கும் அவர் திட்டம் தந்தார். ஆற்றங்கரைகளைச் சீர்ப்படுத்தி மரங்கள் நட்டு, மக்கள் உலாவும் இடமாக்கவும் யோசனை கூறினார்.

அதன்பின் அவர் மைசூரின் தலைமைப் பொறியாளராகி, 1912 முதல் 1918 வரை அந்நாட்டின் திவானாகவும் விளங்கினார். 1955-இல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1962-இல் மறைந்தார். கிருஷ்ணராஜ சாகரைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். ஆதலால் நான் எழுதவில்லை. என் மனத்திற்கு ஐதராபாத் பணியே பெரியதாகத் தோன்றுகிறது.

அவர் சொன்னபடியே மூசியின்மேல் உஸ்மான் சாகர் 1920-இலும், ஈசியின்மேல் ஹிமாயத் சாகர் 1927-இலும் கட்டி முடிக்கப்பட்டன. வெள்ளத்தைத் தடுத்ததோடு, நகருக்குக் குடிநீரும் தந்தன. ஆனால் கழிவுநீரைப் பற்றி அவர் எண்ணியது நிலைக்கவில்லை. நாங்கள் நயாபுல் பாலத்தைக் கடந்தபோது மூசியின் நாற்றத்தால் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

2020-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் மீண்டும் பெருமழை பெய்து, ஹிமாயத் சாகரின் மதகுகள் திறக்கப்பட்டன. அப்போது நீர் புகுந்த குடியிருப்புகளுள் பல, பழைய ஏரிகளிலும் ஓடைகளின் பாதையிலும் எழுந்தவை. சித்தியின் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதாம். அத்தெருவின் பெயரில் குண்ட்டா என்ற சொல் வருகிறது. அதற்குப் பொருள் என்னவென்று சித்தப்பாவிடம் கேட்டேன். தெலுங்கில் சிறிய ஏரிக்கு அப்படிச் சொல்வார்கள் என்றார்.