உழவர்களிடம் பாடம் படித்த விஞ்ஞானி

குழந்தைகளே! பாடம் சொல்லிக் கொடுக்க வந்தவரே மாணவராக மாறிய கதை தெரியுமா? அந்த மாணவரின் பெயர் சர் ஆல்பர்ட் ஹோவர்ட். கடைகளில் 'ஆர்கானிக்' என்று எழுதி அரிசியும் பருப்பும் விற்கிறார்களே, அந்த விவசாய முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் இவர்.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் என்ற பகுதியில், 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஒரு விவசாயக் குடும்பத்தில் ஹோவர்ட் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று, பயிர்களைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராய்ந்தார். ஆனால் மனத்தில் ஒரு குறை. ஆய்வுக்கூடத்தில் நோயைப் பார்க்கிறோம், மருந்து சொல்கிறோம், நாமே பயிர் செய்து பார்க்க ஒரு துண்டு நிலம்கூட இல்லையே!

1905-இல் அந்தக் குறை தீர்ந்தது. பீகாரில் உள்ள பூசா என்ற ஊரில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் அரசுத் தாவரவியலாளராக வந்து சேர்ந்தார். 75 ஏக்கர் நிலமும் கிடைத்தது. (தில்லியிலும் பூசா என்று ஓர் இடம் இருக்கிறது. 1934 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த நிலையம் தில்லிக்கு மாறியபோது, பெயரும் கூடவே போய்விட்டது!)

பூசாவைச் சுற்றியிருந்த ஏழை உழவர்களின் வயல்களை ஹோவர்ட் கவனித்தார். அவர்கள் பூச்சி மருந்து தெளிக்கவில்லை. மூட்டை உரம் போடவில்லை. ஆனாலும் பயிர் பெரும்பாலும் நோயின்றி நின்றது. எப்படி? திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். தானியத்தோடு பயறு வகைகளைக் கலந்து விதைத்தார்கள். பயறுச் செடியின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தரும் என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த உழவர்கள் அதை எந்தப் புத்தகத்திலும் படித்தவர்கள் அல்லர்.

அந்த உழவர்களையும், பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டார் ஹோவர்ட். பூச்சிகூட ஆசிரியரா? ஆமாம். பூச்சி வந்தால், அந்தப் பயிருக்கு ஏதோ குறை இருக்கிறது என்று அது சொல்லிக் கொடுப்பதாக அவர் கருதினார்.

ஒரு சோதனை கேளுங்கள். தம் நிலத்தில் விளைந்த தீவனத்தையே கொடுத்து ஆறு ஜோடி எருதுகளை வளர்த்தார். பக்கத்து மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்தது. வேலியோரத்தில் அந்த மாடுகளும் இவருடைய எருதுகளும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டன. இவருடைய எருதுகளுக்கு நோய் வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். இதை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா மாட்டுக்கும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது; கோமாரிக்குத் தடுப்பூசி போடத்தான் வேண்டும். ஆனால் நல்ல மண், நல்ல தீவனம், நல்ல உடல் மூன்றும் ஒரே சங்கிலி என்ற எண்ணம் அவருக்கு இங்கேதான் வலுத்தது.

அவருடைய மனைவி கேப்ரியலும் தாவரவியல் அறிஞர். புகழ்பெற்ற பூசா கோதுமை வகைகளை இருவரும் சேர்ந்தே உருவாக்கினார்கள். ஹோவர்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த அம்மையாரை மறந்துவிடுகிறார்கள். 1930-இல் அவர் காலமானார்.

1924 முதல் இந்தூரில் ஒரு புதிய நிலையத்தை ஹோவர்ட் நடத்தினார். பருத்திமார், களை, சருகு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், அடுப்புச் சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகக் குழியில் போட்டு, நீர் தெளித்து, காற்றுப் புக இடையிடையே கிளறிவிட்டால் சுமார் மூன்று மாதத்தில் கறுப்பான, மண்வாசனை வீசும் மக்கு உரம் தயார். 'இந்தூர் முறை' என்று இது உலகெங்கும் பரவியது. 1935-இல் காந்தியடிகளே இந்தூருக்கு வந்து இதைப் பார்வையிட்டார். அதற்கு முன்பே, 1931-இல் ஹோவர்ட் இங்கிலாந்து திரும்பிவிட்டார்.

1940-இல் அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் நார்த்போர்ன் பிரபு என்பவர், பண்ணை முழுவதும் ஓர் உயிருள்ள உடல்போல என்ற பொருளில் 'ஆர்கானிக்' விவசாயம் என்று எழுதினார். நம் அரசு இதை 'அங்ககம்' என்கிறது. அங்கம் என்றால் உறுப்பு அல்லவா? மண், புழு, பயிர், மாடு, மனிதர் எல்லாம் ஓர் உடலின் உறுப்புகள். என்ன பொருத்தமான சொல்!

1947 அக்டோபர் 20-ஆம் தேதி ஹோவர்ட் மறைந்தார். அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய அறிஞர்கள் அப்படியே ஏற்பதில்லை. மண்ணுக்கு மக்கு வேண்டும் என்பதை மட்டும் யாரும் மறுப்பதில்லை.

சரி, ஹோவர்ட் வயலுக்கே போய்ப் பார்த்தார். நகரத்தில் இருக்கும் உங்கள் அம்மா எப்படிப் பார்ப்பார்? மருந்தடித்த தக்காளியும் அடிக்காத தக்காளியும் பார்வைக்கு ஒன்றுதானே! அதனால்தான் நமக்குப் பதிலாக வயலைப் போய்ப் பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். இங்கிலாந்தில் 1946-இல் தொடங்கிய மண் சங்கம், 1973-இல் சான்றளிக்க ஆரம்பித்தது. இந்தியாவில் 2001-இல் தேசியத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2007-இல் கோவையில் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை தொடங்கியது.

ஆய்வாளர் வயலுக்கு வருவார். என்ன விதை, எங்கிருந்து வந்த எரு, எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்று பண்ணைக் குறிப்பேட்டைப் புரட்டுவார். பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றில் வந்து விழாதபடி இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பார். வேண்டுமானால் மண்ணையும் விளைச்சலையும் சோதனைக்கு எடுப்பார். விளைந்தது பத்து மூட்டை, விற்றது இருபது மூட்டை என்றால் கணக்கிலேயே பிடிபட்டுவிடும்!

ரசாயனத்தை இன்று நிறுத்தினால் நாளைக்கே சான்றிதழ் கிடைக்காது. நெல், காய்கறி போன்றவற்றுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகள், மா, தென்னை போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். விளைச்சல் குறைந்தாலும் அந்தக் காலத்தில் ஆர்கானிக் என்று விலை கூட்டி விற்க முடியாது. சிறு உழவருக்கு இது பெரிய சோதனைதான். செலவும் உண்டு.

அதற்காக இன்னொரு வழியும் நம் நாட்டில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து உழவர்கள் குறைந்தது ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ச் சோதிப்பார்கள். அண்டை வயல்காரரின் கண்ணுக்குத் தப்பி ஒரு மூட்டை யூரியாவை இறக்கிவிட முடியுமா என்ன?