கெமிஸ்தம் எழுதிய மானிப்பாய் டொக்டர்

பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்த்தது பனம்பழத்தால். சவர்க்காரம் கடையில் இல்லை. எங்காவது இருந்தாலும் விலை எங்கள் கைக்கு எட்டாது. அம்மா பழத்தைச் சுட்டு, தோலை உரித்து, களியைப் பிசைந்து கிணற்றடியில் துணியோடு போட்டுக் கசக்குவா. நுரைக்கும். அழுக்கும் போகும். பிறகு கொடியில் காயும் சட்டையை மாடு வந்து சப்பாமல் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவல்காரன் நான்தான். அப்போது எனக்கு ஐந்து வயது இருக்கும்.

அந்தப் பனம்பழத்தில் கெமிக்கல் இல்லை, அதனால்தான் அந்த நாளில் யாருக்கும் சொறி சிரங்கு வரவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. இரண்டுமே சரியில்லை. சொறி வந்தது, முகாம்களில் நன்றாகவே வந்தது. பனம்பழம் நுரைத்ததற்குக் காரணமும் கெமிக்கல்தான். பனங்களியின் கசப்புக்குக் காரணமான பொருட்கள் சப்போனின் என்ற வகையைச் சேர்ந்தவை. தண்ணீரோடும் எண்ணெயோடும் ஒரே நேரத்தில் ஒட்டக்கூடியவை. சவர்க்காரம் அழுக்கை எடுப்பதும் அதே வழியில்தான். பனையும் ஒரு தொழிற்சாலை, அவ்வளவுதான்.

இதை அம்மாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல் தேடப் போய்த்தான் கெமிஸ்தம் என்ற பெயரில் நின்றேன். 1875இல் அச்சான தமிழ் இரசாயன நூல். அதன் பின்னால் இருந்தவர் மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்கர், சாமுவேல் பிஸ்க் கிறீன். பெயர் நமக்குப் புதிதல்ல. மானிப்பாயில் கிறீன் நினைவு வைத்தியசாலை இருக்கிறது. தமிழில் மேலைத்தேய மருத்துவம் கற்பித்தவர் என்று பாடசாலையில் ஒரு வரி படித்திருப்போம். எனக்கும் அந்த ஒரு வரிதான் தெரிந்திருந்தது.

கிறீன் பிறந்தது 1822 ஒக்டோபரில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில். அதே ஆண்டு டிசம்பரில் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். ஒருவர் கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்தார், மற்றவர் சைவத்தைக் காக்க நின்றார். ஆனால் தமிழ் உரைநடையை அச்சு யந்திரத்தில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனதில் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கிறீனின் அண்ணன் அன்ட்ரூ நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவர். வசதியான குடும்பம். தம்பி 1845இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, 1847 ஏப்ரலில் பொஸ்டனில் கப்பலேறி, ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார்.

அந்த 1847 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்புதான் அதே பொஸ்டனில் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கிச் சத்திரசிகிச்சை செய்து காட்டியிருந்தார்கள். கிறீன் கடலில் இருந்த மே மாதத்தில் வியன்னாவில் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்க முதல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவும்படி தன் மாணவர்களைக் கட்டாயப்படுத்தினார். தாய்மாரின் சாவு சடாரென்று குறைந்தது. ஆனாலும் கனவான்களின் கை அழுக்காக இருக்குமா என்று சக மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. மூடநம்பிக்கை படித்தவனுக்கு வராது என்று யார் சொன்னது?

அமெரிக்க மிஷனின் வைத்தியம் யாழ்ப்பாணத்தில் கிறீனுக்கு முன்பே தொடங்கியிருந்தது. பண்டத்தரிப்பில் ஸ்கடர், வட்டுக்கோட்டையில் வார்ட். கிறீனும் வட்டுக்கோட்டையில் தொடங்கி, அடுத்த ஆண்டே மானிப்பாய்க்கு மாறினார். வந்த கொஞ்சக் காலத்திலேயே ஒன்றை உணர்ந்துகொண்டார். குடாநாடு முழுவதையும் ஒரு வெள்ளைக்கார டொக்டரால் பார்க்க முடியாது. ஊர்ப் பிள்ளைகளை மருத்துவர்களாக்க வேண்டும். 1848இலேயே வகுப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில்.

அந்த ஆங்கில வகுப்பில்தான் சிக்கல் வந்தது. படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம், தென்னிலங்கை என்று போனார்கள். அதில் பிழை சொல்ல என்னால் முடியாது. என்னோடு உயர்தரம் படித்தவர்களில் பாதிப்பேர் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும். ஆனால் சங்கானையிலும் உடுவிலிலும் காய்ச்சலோடு கிடந்தவருக்கு அந்தப் படிப்பால் கிடைத்தது குறைவு. 1850களின் நடுவில் மிஷனும் ஆங்கிலக் கல்வியைக் கைவிட்டுத் தாய்மொழிப் பக்கம் திரும்பியது. அதன் நோக்கம் மதம். மருத்துவம் தமிழுக்கு வர வேண்டும் என்ற பிடிவாதத்தில் கிறீனின் பங்கே பெரியது. தமிழில் படித்தவன் தமிழ் ஊரில் நிற்பான் என்று அவர் கணக்குப் போட்டார். படித்த தமிழர் உடையிலும் நடையிலும் ஐரோப்பியராவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. வேட்டியோடு வைத்தியம் பார்த்தால் என்ன என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய மாணவர்கள் டன்வேத், சாப்மன் என்று அமெரிக்கப் பெயர்களோடு திரிந்த ஊர்ப் பிள்ளைகள். மிஷனில் சேர்ந்தபோது வைக்கப்பட்ட பெயர்கள் அவை.

கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே. 1850களில் உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் மூன்றையும் சேர்த்த நூல் ஒன்று வந்தது: அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம். இவற்றில் அங்காதிபாதம் நாட்டு வைத்தியத்தில் ஏற்கெனவே இருந்த சொல். இருந்ததை எடுத்தார், இல்லாததற்குப் புதுச்சொல் கட்டினார், கட்ட முடியாத இடத்தில் ஆங்கில ஒலியைத் தமிழ் வாய்க்கு ஏற்றபடி வளைத்தார். கெமிஸ்தம் மூன்றாவது வகை. ஒட்சிசன், ஐதரசன், நைதரசன் என்று நம் பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதுவும் அதே மூன்றாவது வழிதான். பிள்ளைப்பேறு பற்றிய நூல், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்று வரிசை நீண்டது. மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள், கிறீன் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். எல்லாம் சேர்த்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். இடையில் 1857இல் ஊர் போய், 1862இல் மணமுடித்து மனைவியோடு திரும்பி வந்தார். 1864 முதல் வகுப்பு முழுவதும் தமிழில் நடந்தது.

அவரைத் தெய்வமாக்க நான் எழுதவில்லை. அவர் காலத்து ஆங்கில மருத்துவத்தில் ஏராளம் பிழை. 1866, 1867 ஆண்டுகளில் வாந்திபேதி குடாநாட்டை வாரிக்கொண்டு போனது. ஊர் அதை அம்மனின் கோபம் என்றது. மேற்கத்திய மருத்துவர்களில் பெரும்பாலோர் நாற்றக் காற்றுத்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று நம்பினார்கள். பேதி நோயாளிக்குக் கலோமல் என்ற பாதரச உப்பையும் அபினையும் கொடுப்பது அப்போது வழக்கம். தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று தாகத்தோடு கிடக்க விட்ட மருத்துவர்களும் இருந்தார்கள். 1854இலேயே லண்டனில் ஜோன் ஸ்னோ என்பவர் நோய் தண்ணீர்க் குழாய் வழியே வருகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டியிருந்தும் அது எடுபட நாளானது. கோலராக் கிருமியை ரொபேட் கொக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தியது 1884 தொடக்கத்தில். அதே ஆண்டு மே மாதம் கிறீன் வூஸ்ரரில் இறந்தார். தன் நோயாளிகளைக் கொன்றது எது என்ற விடை அவருடைய கடைசி மாதங்களில்தான் வந்தது.

பேதிக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கை மட்டும் இன்னும் சாகவில்லை. முகாமில் ஒரு தாய் பிள்ளைக்குத் தண்ணியை மறித்ததை நானே கண்டிருக்கிறேன். 1971இல் வங்கதேச யுத்தத்தில் எல்லை தாண்டிய அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, பொங்காவ் முகாமில் சேலைன் தீர்ந்துவிட்டது. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சீனியும் கரைத்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்குக் கீழே இறங்கியது. குடல் சீனியை உறிஞ்சும்போது உப்பையும் கூடவே இழுக்கும், உப்போடு தண்ணீரும் போகும். இரசாயனம் அவ்வளவே. ஜீவனி பக்கெற் இல்லாத நேரத்தில் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. வெட்டிய ஓட்டையில் தண்ணீர் ஊற்றியவர்களுக்கும் பங்கருக்குள் பிள்ளை பெற்றவர்களுக்கும் இந்த அளவு தெரிந்திருக்க வேண்டியது.

கிறீன் 1873இல் உடல் நலிந்து ஊர் திரும்பினார். அங்கிருந்தபடியே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். தாள்கள் கப்பலில் போய் வந்தன. இந்து பதார்த்த சாரம் அந்தக் கடைசிக் கால வேலை. இந்த மண்ணின் மூலிகைகளையும் சேர்த்துச் சொல்லும் மருந்து நூல் அது. நாட்டு வைத்தியம் எல்லாம் பொய் என்று அவர் ஒரேயடியாகத் தள்ளவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எது வேலை செய்கிறது, எவ்வளவு கொடுப்பது என்பதுதான் கேள்வி. கல்லறையில் தமிழர்களுக்கு வந்த மருத்துவ ஊழியர் என்று எழுதும்படி கேட்டிருந்தார், அப்படியே எழுதினார்கள்.

அவர் போனபின் தமிழ் மருத்துவ வகுப்பு நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தது. அது ஆங்கிலத்தில். புத்தகங்கள் அலுமாரிக்குள் போயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அலுமாரிகளும் போயின. தமிழில் மருத்துவம் சொல்லும் இடம் வெறுமையானால் அங்கே யாரோ வந்து குந்துவார்கள். கொரோனாக் காலத்தில் கேகாலையில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள். நம் பக்கத்திலும் வைபரில் வந்ததெல்லாம் மருந்தாயிற்று. மீள்குடியேறிய ஊர்களில் பி.எச்.ஐ. கிணற்றுக்குக் குளோரின் போட வந்தால், அது நஞ்சு, பிள்ளை பிறக்காது என்று மறித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் நையாண்டி செய்ய மாட்டேன். அரசாங்கத்தின் ஆள் கிணற்றுக்குள் எதையோ கொட்டும்போது பயப்பட நமக்குக் காரணங்கள் இருந்தன. அந்தப் பயத்துக்குத் தமிழில், ஊர்க்காரர் ஒருவர் பதில் சொன்னால்தான் ஏறும். செம்மெல்வைஸ் கைகழுவ வைத்ததும் இதே குடும்பத்துப் பொருள்தான், அளவோடு போட்டால் கிருமியைக் கொல்லும், கொஞ்ச நேரத்தில் மணமும் அடங்கும் என்று.

போன மாதம் அம்மாவோடு இன்னொரு வாக்குவாதம். கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்பது அவவின் முடிவு. கிருமி போகும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பில் கொஞ்சம் போகும். ஆனால் வெங்காயத் தறைக்குப் போட்ட யூரியா நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் சேரும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அது செறிவுதான் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்த நீரில் பால்மா கரைப்பது கூடாது. வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது குடிநீருக்கான அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. நைத்திரேற்று என்றால் என்ன தமிழ் என்று கேட்டா. அதுதான் தமிழ் என்றேன். பிறகு எங்கள் கிணற்றை எங்கே கொடுத்துப் பரிசோதிப்பது, எவ்வளவு காசு என்று கேட்டா. அடுத்த நாள் காலமை போத்தல் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தா.