பிறருக்காகப் பேசிய நாவு



நாடகம் எழுதிப் புகழ் பெற்றோர் பலர். அப்புகழின் உச்சியில் நிற்கும்போதே அரசியற் போராட்டத்தில் இறங்கியோர் சிலர். அச்சிலருள் ஒருவர் ரிச்சாட் பிறின்ஸ்லி ஷெரிடன்.

இவர் 1751இல் அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தையார் நடிகர், தாயார் நாவலும் நாடகமும் எழுதியவர். இங்கிலாந்திலே பாத் நகரில் எலிசபெத் லின்லி என்னும் புகழ்பெற்ற பாடகியை நேசித்து, 1773இல் அவரை மணமுடித்தார். 1775இல் ‘போட்டியாளர்’ என்ற நாடகமும், 1777இல் ‘அவதூறுப் பள்ளி’ என்ற நாடகமும் மேடையேறின. புறங்கூறித் திரிவோரைப் பரிகசிக்கும் இந்த இரண்டாவது நாடகம் இன்றும் நடிக்கப்படுகிறது. முப்பது வயதுக்கு முன்னரே இலண்டனின் பெரிய நாடக அரங்கான டிறூரி லேனின் உரிமையாளருள் ஒருவரானார்.

1780இல் ஸ்ரபோட் தொகுதியின் அங்கத்தவராகப் பாராளுமன்றம் சென்றார். அக்கால வழக்கப்படி வாக்காளர்களுக்குத் தலைக்கு 5 கினி கொடுத்தே வென்றார் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால், அங்கே அவர் யாருக்காகப் பேசினார் என்பதைக் கவனியுங்கள்.

இந்தியாவிலே வாரன் ஹேஸ்ரிங்ஸ் தேசாதிபதியாயிருந்த காலத்தில், அவத் நவாபின் தாயாரிடமும் பாட்டியாரிடமும் இருந்த பெருஞ்செல்வம் பலவந்தமாகப் பறிக்கப்பட்டது. அவர்களுடைய ஊழியர் சிறையில் வாடினர். தாம் ஒருபோதும் கண்டிராத அப்பெண்களுக்காக ஷெரிடன் 1787 பெப்ரவரியில் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். உள்ளம் கலங்கிய சபை அன்று வாக்கெடுப்பு நடத்தாமலே கலைந்தது. மறு வருடம் விசாரணை மன்றிலே நான்கு நாட்கள் பேசினார். அதைக் கேட்கும் அனுமதிச் சீட்டு 50 கினிவரை விலைபோனதாம். இருந்தும் 1795இல் ஹேஸ்ரிங்ஸ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று.

ஷெரிடன் புரட்டஸ்தாந்து குடும்பத்தவர். அவருடைய பாட்டனார் அச்சபையின் குரு. அப்படியிருந்தும் அயர்லாந்துக் கத்தோலிக்கரின் உரிமைகளுக்காக அவர் நின்றார். பாராளுமன்றத்தில் அமரும் உரிமை அந்நாளில் கத்தோலிக்கருக்கு இருக்கவில்லை. 1799இல், அயர்லாந்தின் பாராளுமன்றத்தை ஒழித்து அந்நாட்டை இங்கிலாந்துடன் இணைக்கும் திட்டத்தையும் எதிர்த்தார். அங்கேயும் தோல்விதான்: 1801இல் இணைப்பு நடைமுறைக்கு வந்தது, கத்தோலிக்கருக்கு உரிமை வழங்க மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் இணங்கவில்லை.

அவர் குறையற்றவரல்லர். மதுவும் கடனும் அவரை விடவில்லை; மனைவிக்கும் மனத்துயர் கொடுத்தார். 1809 பெப்ரவரியில் ஒருநாள் இரவு, அவர் சபையில் இருக்கையில், டிறூரி லேன் தீப்பற்றியது. அனுதாபமாகச் சபையை ஒத்திவைக்கச் சிலர் முன்வந்தனர். தம் சொந்த நட்டத்துக்காக நாட்டின் அலுவல் தடைப்படலாகாது என அவர் மறுத்துவிட்டார். அரங்கு சாம்பலாயிற்று, வருமானமும் போயிற்று.

அங்கத்தவராயிருந்தவரை கடன்காரர் அவரைக் கைதுசெய்ய முடியாது. 1812இல் ஆசனத்தை இழந்ததும் அப்பாதுகாப்பு நீங்கியது. கடனுக்காகச் சிறைப்படவும் நேர்ந்தது. 1816 யூலை 7ஆம் நாள், நீதிமன்றச் சேவகர் வீட்டினுள் காத்திருக்க, நோயாளியாக உயிர்நீத்தார். சில நாட்களில் வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்திலே, கோமக்களும் பிரபுக்களும் புடைசூழ, பெருஞ்சிறப்போடு அடக்கம் நடந்தது.

அவர் இறந்து பதின்மூன்று வருடங்களின் பின், 1829இல், கத்தோலிக்கருக்குப் பாராளுமன்ற வாயில் திறந்தது. அதைக் காண அவர் இல்லை. தம் இனத்தவரல்லாத பெண்களுக்காகவும், தம் சபையினரல்லாத மக்களுக்காகவும் பேசிய அவருடைய குரல், அவருடைய வாழ்நாளில் தோற்றதாகவே தோன்றிற்று. ஆயினும் அது வீண்போகவில்லை.

வாசகர்களே, இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அவருடைய பிரேதத்தின் பின்னே நடந்த பிரபுக்களில் எத்தனைபேர், அவர் நோயுற்றுக் கிடந்தபோது அவருடைய வாசற்படியை மிதித்திருப்பார்கள்? நம் ஊரிலும் பிறருக்காகப் பேசிக் களைத்தவர் ஒருவர் இருக்கக்கூடும். மலர்வளையம் வரட்டும்; அதற்கு முன் நாம் போய்வருவோம்.