மோட்டார் சைக்கிளுக்காக ஓட்டல் வேலை!
ஜி.டி.நாயுடு வாழ்க்கைக் கதை

ஞாயிற்றுக்கிழமை காலையில் தரமணிப் பக்கம் பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று "டுப், டுப்" என்று போனால் போதும். பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவார்கள். பெரியவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். சென்னையில் இத்தகைய வண்டிகளைத் தேடிப் பிடித்து, கழற்றி மாட்டி ஓட்டும் பிரியர்கள் இருக்கிறார்கள்.

நூறு வருடங்களுக்கு முன்பே இந்த ஆசை கோவைப் பக்கத்துக் கிராமத்து வாலிபர் ஒருவரைப் பிடித்து ஆட்டியது. அவர்தான் ஜி.டி.நாயுடு!

1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கலங்கல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை விவசாயி. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது.

வண்டியைக் கண்டார்

ஒரு நாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறதே! வாலிபருக்குத் தூக்கம் போயிற்று.

அது "ரட்ஜ்" என்ற வண்டி. 1912-ல் செய்தது. இங்கிலாந்தில் கவண்ட்ரி நகரத்தில் சைக்கிள் செய்து பேர் வாங்கிய கம்பெனியின் தயாரிப்பு. ஒரே ஒரு சிலிண்டர். பின்சக்கரத்தைச் சுற்ற வைப்பது சங்கிலி அல்ல, ஒரு வார்.

அதை வாங்கப் பணம்? வீட்டில் கேட்டால் கிடைக்குமா? வாலிபர் கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இட்லியும் காப்பியும் பரிமாறிக் காசு சேர்த்தார். விவசாயி மகன் ஓட்டல் வேலைக்குப் போனால் ஊர் என்ன பேசும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அவர் கவலைப்படவில்லை. பணம் சேர்ந்ததும் நேரே அந்த அதிகாரியிடம் போய், அதே வண்டியை விலைக்கு வாங்கினார். விலை முன்னூறு ரூபாய் என்று சொல்வார்கள். அன்று அது பெரிய தொகை.

வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஊரைச் சுற்றவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார்! பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டினார். வாத்தியார் இல்லை, புத்தகம் இல்லை. அந்த வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடம். சில காலத்தில் மெக்கானிக் ஆகிவிட்டார்.

பஸ் முதலாளி

1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ், பிறகு "யூ.எம்.எஸ்." என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. மின்சார ரேசர், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று செய்துகொண்டே இருந்தார். 1937-ல் கோவையில் மின்சார மோட்டார் தயாரானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. இன்று வயலுக்கு வயல் பம்பு செட் ஓடுகிறதே, அதற்குக் கோவை பேர் பெற்றது இப்படித்தான்.

1945-ல் கோவையில் தொழிற்கல்விக் கூடம் ஏற்படவும் காரணமாக இருந்தார். அங்கே அரசாங்கத்தோடு தகராறு. இரண்டு வருடத்தில் கற்கக்கூடிய தொழிலுக்கு நான்கு வருடம் எதற்கு என்பது அவர் கட்சி. ஒத்துவரவில்லை. விலகிவிட்டார்.

கிடைக்காத அனுமதி

1952-ல் இன்னொரு அடி. இரண்டு பேர் போகக்கூடிய சின்ன கார் செய்தார். விலை 2,000 ரூபாய்தான். நடுத்தரக் குடும்பமும் கார் வாங்கியிருக்கலாம். தயாரிக்க அரசாங்கம் அனுமதி தரவில்லை. கார் கடைக்கு வராமலே போயிற்று. ஓட்டலில் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கிய மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். ரட்ஜ் கம்பெனி அதற்கு வெகு காலம் முன்பே, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939-ல், மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது.

கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரால் கண்காட்சி இருக்கிறது. கோவைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் அழைத்துப்போய்க் காட்டலாம்.