கடல் கடந்த நடனக்குழு

ஆண்டுதோறும் நவராத்திரியை முன்னிட்டு வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைத் தேவி கோயிலுக்கு எழுந்தருளுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் அவ்வூர்வலம் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கியே நம் நகரை அடைகின்றது. யானை, பல்லக்கு, சுமப்போர், உணவு, தங்குமிடம் என அதற்கு வேண்டிய ஏற்பாடுகள் பல. சில நாள் பயணத்திற்கே இத்தனை வேண்டுமெனில், ஒரு நடனக்குழுவைக் கப்பலேற்றி அயல்நாடுகளுக்கு அழைத்துச் செல்வது எத்துணைப் பெரிய பணி! 1930களில் அப்பணியை ஆற்றியவர் உதய சங்கர்.

அவர் 1900 டிசம்பர் 8 அன்று உதயப்பூரில் பிறந்தார். மும்பையில் ஓவியம் பயின்றபின், 1920இல் இலண்டன் ராயல் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். உலகெங்கும் தம் பாலே குழுவுடன் பயணம் செய்த உருசிய நடனமணி அன்னா பாவ்லோவா, இந்தியக் கருப்பொருளில் நடனம் அமைக்க விரும்பி அவரை நாடினார். 1923இல் உதய சங்கர் இரண்டு நடனங்களை அமைத்து, அவற்றுள் ஒன்றில் பாவ்லோவா இராதையாக ஆடத் தாம் கண்ணனாக ஆடினார். பின்னர் அக்குழுவுடன் அமெரிக்கா சென்றார். பெருங்குழு ஒன்று ஊர் ஊராக இயங்கும் முறையை அங்கே நேரில் கண்டார். பாலே கற்க அவர் விரும்பியபோது, தம் நாட்டு நடனத்தையே நாடுமாறு பாவ்லோவா தூண்டினார்.

குழுவைப் பிரிந்தபின் வறுமை வாட்டியது. பாரிசில் சிம்கி என்னும் பிரெஞ்சுப் பெண்மணியுடன் இணைந்து ஆடினார். இருவர் மட்டும் பயணம் செய்வது எளிது. இசைதான் தடையாக நின்றது. பாலே இசை தாளில் எழுதப்பட்டது. ஆதலால் எந்த ஐரோப்பிய நகரிலும் அதனை வாசிக்கும் இசைக்குழு கிடைக்கும். நம் இசையோ கலைஞரின் நினைவிலும் விரலிலும் வாழ்வது. அதனை அயல்நாட்டில் ஒலிக்கச் செய்யக் கலைஞரையே அழைத்துச் செல்ல வேண்டும்.

எனவே 1930இல் சுவிட்சர்லாந்துச் சிற்பி ஆலிஸ் போனருடன் தாயகம் திரும்பி, நாட்டைச் சுற்றி நடனங்களைக் கண்டார், இசைக்கருவிகளைத் திரட்டினார். கேரளத்தின் கதகளி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. திருவிதாங்கூரின் சங்கரன் நம்பூதிரியை அவர் குருவாகக் கொண்டார் என்பது நமக்குப் பெருமை.

சரோது கலைஞர் திமிர் பரண், இசையமைப்பாளர் விஷ்ணுதாஸ் சிராலி ஆகியோர் குழுவில் சேர்ந்தனர். ஏனையோருள் பலர் உறவினரே: தாய், தம்பியர், சிற்றப்பா, சிற்றப்பாவின் மகள். கடைசித் தம்பி ரவிக்கு அப்போது வயது பத்து. குடும்பப் பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில் உறவினரையே குழுவாக்கியது அறிவுடைமை என்றே கருதுகிறேன். பாரிசில் ஒரே வீட்டில் தங்கிப் பயிற்சி செய்து, 1931 மார்ச் 3 அன்று முதல் நிகழ்ச்சியை நடத்தினர். 1932 டிசம்பரில் நியூயார்க்கிலும் ஆடினர். பாவ்லோவாவின் அமெரிக்க நிகழ்ச்சிகளை முன்பு ஏற்று நடத்திய சோல் ஹுராக்கே அரங்குகளை ஏற்பாடு செய்தார்.

கருவிகளைக் காப்பதே தனிப் பாடு. சுரைக்குடம் பொருத்திய தம்புரா சிறு மோதலிலும் உடையும். முழவின் தோல் ஈரத்தில் தளரும்; அனலூட்டிய அரங்கின் வறட்சியில் இறுகிச் சுருதி ஏறும். ஒவ்வோர் ஊரிலும் திரை எழுமுன் அவற்றை மீண்டும் சுருதி சேர்க்க வேண்டும்.

பயணத்தின் விலை பொருளால் மட்டும் அளக்கத்தக்கதன்று. தாய் ஹேமாங்கினி சில காலத்திற்குப்பின் தாயகம் திரும்பிவிட்டார். 1935இல் குழு மீண்டும் கப்பலேறியபோது, மும்பைத் துறைமுகத்தில் ரவியின் கையை எடுத்து, உடன் சென்ற இசைமேதை அலாவுதீன் கானிடம் ஒப்படைத்தார். அதன்பின் அன்னையை ரவி காணவேயில்லை. அச்சிறுவனே பிற்காலத்தில் சித்தார் மேதையாக விளங்கிய பண்டிட் ரவிசங்கர்.

1938இல் உதய சங்கர் நெடும்பயணங்களை நிறுத்தினார். இமயமலைச் சாரலில், அல்மோராவில், கலைமையம் நிறுவினார். சங்கரன் நம்பூதிரி கதகளியும், காஞ்சிபுரம் கந்தப்பப் பிள்ளை பரதமும் அங்கே கற்பித்தனர். உலகப்போர்க் காலத்தில் பொருளுதவி குன்றியதால் மையம் மூடப்பட்டது. ஊர் ஊராகச் சுமந்து சென்ற கலைக்கு ஒரு நிலையான இல்லம் சில ஆண்டுகளே வாய்த்தது. பின்னர்ச் சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் 'கல்பனா' என்னும் நடனத் திரைப்படத்தை உருவாக்கினார். அது 1948இல் வெளிவந்தது. 1971இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1977 செப்டம்பர் 26 அன்று கொல்கத்தாவில் காலமானார்.