இசையால் இல்லம் காத்த கிளாரா ஷூமன்

இசையில் நாட்டமுள்ள பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றோர் மகிழ்வதுண்டு. கூடவே சற்றுக் கவலையும் கொள்வதுண்டு. பாட்டும் வாத்தியமும் பொழுதுபோக்கிற்குச் சரி, பிழைப்பிற்கு ஆகுமா என்பதே அக்கவலை. பியானோ வாசித்தே ஏழு பிள்ளைகளைக் காப்பாற்றிய ஒரு தாயின் வரலாற்றை நாம் இங்கே காண்போம்.

கிளாரா 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர். பியானோ வாணிகமும் செய்தவர். தாய் பாடகி. பெற்றோர் பிரிந்துவிட, கிளாரா ஐந்தாம் வயது முதல் தந்தையிடம் வளர்ந்தார். நான்கு வயது கடந்தும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. காது கேளாதோ என்றுகூட வீட்டார் ஐயுற்றனர். பேச்சில் பின்தங்கிய அக்குழந்தை பியானோவின் முன் அமர்ந்ததும் எல்லோரையும் முந்திக்கொண்டது.

வீக் மிகவும் கண்டிப்பானவர். நாள்தோறும் பாடம், பயிற்சி, பிறகு திறந்த வெளியில் நெடுந்தூர நடை. மகளின் நாட்குறிப்பையே, மகள் எழுதுவது போலத் தாமே எழுதி வந்தார் என்றால் அவருடைய பிடி எத்தகையது என்று உணரலாம். நமக்கு அது உவப்பாக இல்லை. ஆயினும் அவர் தந்த பயிற்சி முதல்தரமானது. 1828-இல், ஒன்பது வயதில், கிளாரா லைப்சிக்கின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் மேடையேறினார். 1835-இல், பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைக்கும் கன்செர்ட்டோ ஒன்றைத் தாமே இயற்றி வாசித்தார். அன்று வாத்தியக் குழுவை நடத்தியவர் மெண்டல்சன். கிளாராவுக்கு வயது பதினாறு!

வீக்கிடம் இசை பயில வந்தவர் ராபர்ட் ஷூமன். விரல் பழுதானதால் வாசிப்பை விட்டு இசை இயற்றுவதில் முனைந்தவர். அவரைக் கிளாரா மணக்க விரும்பியபோது, தந்தை கடுமையாக எதிர்த்தார். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு மணமக்களுக்குச் சாதகமாயிற்று. 1840 செப்டம்பர் 12-இல் திருமணம் நடந்தது.

எட்டுக் குழந்தைகள் பிறந்தனர். ஒன்று மழலையிலேயே மறைந்தது. கணவர் இசை இயற்றும் நேரத்தில் மனைவி பியானோவைத் தொட இயலாது. ஒலி அவருக்கு இடையூறாகும். அவர் வெளியே சென்ற வேளைகளே கிளாராவின் பயிற்சி வேளைகள். இசையறிந்தவரே கணவராக வாய்த்தும் இந்த நிலை! அப்படியும் அவர் கச்சேரிகளைக் கைவிடவில்லை. 1844-இல் ரஷ்யா வரை சென்று வாசித்தார்.

1854 பிப்ரவரியில் பேரிடி விழுந்தது. மனநோயால் வருந்திய ராபர்ட் ரைன் நதியில் குதித்தார். மீட்கப்பட்டு, பான் நகரின் அருகே மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டார். கிளாரா அப்போது கருவுற்றிருந்தார். நண்பர்கள் நிதி திரட்டித் தர முன்வந்தனர். அவர் நன்றியோடு மறுத்துவிட்டார். கடைசிக் குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே ஊர் ஊராகக் கச்சேரிக்குப் புறப்பட்டார். ஈராண்டுகளுக்கும் மேலாகக் கணவரைக் காண மருத்துவர்கள் இடந்தரவில்லை. 1856 ஜூலையில், அவர் இறப்பதற்கு இரண்டு நாட்கள் முன்புதான் காண முடிந்தது.

அதன்பின் வீட்டின் முழுச்சுமையும் அவருடையதே. ரயிலிலும் கப்பலிலும் பயணம், அரங்கு ஏற்பாடு, ஓயாத கடிதப் போக்குவரத்து என்று மேடைக்குப் பின்னேயும் வேலை மிகுதி. தாய் ஊரில் இல்லாதபோது வீட்டுக் கணக்கெழுத உதவியவர் யார் தெரியுமா? பின்னாளில் இசை மேதையாகப் புகழ்பெற்ற இளைஞர் பிராம்ஸ்! பிள்ளைகளில் சிலர் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தனர். அந்தப் பிரிவு இரு பக்கமும் வலித்திருக்கும். இதை மறைத்துவிட்டு அவருடைய புகழை மட்டும் பாடுவது முறையன்று.

ஒரு குறையும் நம் நெஞ்சில் நிற்கிறது. கணவரின் நோய்க்குப் பிறகு கிளாரா இசை இயற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். பொழுதின்மை ஒரு காரணம். இயற்றுதல் பெண்ணுக்கு உரியதன்று என்ற அக்கால எண்ணம் அவரையும் பற்றியிருந்தது மற்றொன்று. இன்று அவருடைய பாடல்களையும் 1846-இல் இயற்றிய பியானோ மூவிசையையும் உலக மேடைகளில் விரும்பி இசைக்கிறார்கள். இன்னும் எவ்வளவு கிடைத்திருக்கும்!

ஆனால் வாசிப்பதை அவர் வெறும் கூலி வேலையாகக் கருதவில்லை. துயரத்தில் அவரைத் தாங்கியதும் அதுவே. கைவலியால் ஓராண்டுக்கு மேல் ஓய்ந்திருந்தவர், வலி தணிந்ததும் மேடைக்குத் திரும்பினார். 1828 முதல் 1891 வரை அவர் பங்கேற்ற கச்சேரிகளின் நிரல்கள் சுமார் 1300 பாதுகாக்கப்பட்டுள்ளன.

1878-இல் பிராங்க்பர்ட்டின் ஹோக் இசைக் கல்லூரி அவரைப் பியானோ ஆசிரியையாக அழைத்தது. தொடக்க ஆண்டுகளில் அங்கே ஆசிரியராக இருந்த ஒரே பெண்மணி அவர்தாம். பாடத்தை வீட்டில் நடத்தவும், இடையிடையே கச்சேரிக்குச் செல்லவும் உரிமை கேட்டுப் பெற்றுக்கொண்டே பொறுப்பேற்றார். மகள்கள் மரீயும் யூஜீனியும் துணை ஆசிரியைகளாயினர். கணவரின் இசைப் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்ததும் இக்காலத்திலேதான். இக்கல்லூரியின் கட்டடமும் கிளாராவின் உருவமும் பின்னாளில் ஜெர்மனியின் நூறு மார்க் பணத்தாளில் இடம்பெற்றன. 2002-இல் யூரோ வரும்வரை அது மக்கள் கையில் புழங்கியது.

1896-இல் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, பேரன் பெர்டினாண்டைப் பியானோ வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பேரன் வாசித்தது தாத்தா ராபர்ட் இயற்றிய இசை. அவ்வாண்டு மே 20-ஆம் நாள் கிளாரா காலமானார். பான் நகரில் கணவருக்கு அருகில் அவரை அடக்கம் செய்தனர்.