'நான்' என்பது எது?

நுழையும்முன்

அறிவியல் புனைகதைகளில் வியப்பூட்டும் எந்திரம் ஒன்று வருவதுண்டு. அதனுள் நுழைபவரின் உடலை அணுவணுவாக ஆராய்ந்து, அச்செய்தியை அது தொலைவிலுள்ள கோளுக்கு அனுப்பும். இங்கிருந்த உடல் மறைந்துவிடும். அங்கே, புதிய அணுக்களால் ஆன உடலுடன், அதே தோற்றமும் அதே நினைவுகளும் கொண்ட ஒருவர் எழுந்து நிற்பார். தொலைப்பெயர்ச்சி எனப்படும் இப்பயணத்தின் முடிவில் நிற்பவர், புறப்பட்டவர்தாமா? அல்லது அவருடைய படிதானா? இவ்வினாவை ஆராய்வோர் இன்றும் முதலில் நாடுவது, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில மெய்யியலாளர் ஒருவரின் சிந்தனையையே. அவர் ஜான் லாக்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள ரிங்டன் என்னும் சிற்றூரில் 1632ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் லாக் பிறந்தார். வழக்குரைஞரான அவருடைய தந்தை, உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்று குதிரைப்படைத் தலைவராகப் போரிட்டவர். லாக் 1647இல் இலண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்தார். அவர் அங்குப் பயின்றுகொண்டிருந்த 1649இல், பள்ளிக்கு அண்மையிலேயே அரசர் முதலாம் சார்லஸின் தலை துணிக்கப்பட்டது. நிலைபேறு உடையது எது என்னும் ஐயம் நாடெங்கும் சூழ்ந்திருந்த காலத்தில் அவர் வளர்ந்தார்.

1652இல் ஆக்ஸ்போர்டின் கிறிஸ்ட் சர்ச் கல்லூரியில் சேர்ந்தார். அங்குக் கற்பிக்கப்பட்ட பழைய தருக்கம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. மருத்துவமும் செய்முறை ஆய்வும் அவரை ஈர்த்தன. நோயாளியின் அருகிருந்து கண்டறிவதையே பெரிதெனக் கருதிய மருத்துவர் தாமஸ் சிடன்ஹாமுடன் பின்னாளில் இணைந்து பணியாற்றினார். நூல் சொல்வதைவிடப் பட்டறிவு காட்டுவதே மேலானது என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

மருத்துவர் லாக்

1666இல் ஆஷ்லி பிரபுவின் நட்பு லாக்குக்கு வாய்த்தது. மறு ஆண்டே அவர் இலண்டனிலிருந்த பிரபுவின் மாளிகையில் குடியேறினார். 1668இல் பிரபுவின் கல்லீரலில் தோன்றிய கட்டி அவர் உயிரையே அச்சுறுத்தியது. லாக்கின் மேற்பார்வையில் அறுவை நிகழ்ந்தது. சீழ் வடிவதற்காக ஒரு குழாய் பொருத்தப்பட்டது. பிரபு பிழைத்தார், பின்னர் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவாக உயர்ந்து நாட்டின் அரசியலில் பேரிடம் பெற்றார்.

பெயர் மறைத்த வாழ்வு

ஷாஃப்ட்ஸ்பரி அரசரை எதிர்த்தமையால் அவரைச் சார்ந்தோருக்கும் இடர் வந்தது. 1683இல் லாக் ஹாலந்துக்குத் தப்பிச் சென்றார். மறு ஆண்டு, அரசர் இரண்டாம் சார்லஸின் ஆணையால் கிறிஸ்ட் சர்ச்சில் அவருக்கிருந்த இடம் பறிக்கப்பட்டது. பிடிபடாதிருக்க ஹாலந்தில் வேறு பெயர் பூண்டு வாழ்ந்தார். ஆட்சி மாறிய பின் 1689இல் தாயகம் திரும்பினார். மனித அறிவைப் பற்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுதிய பெருநூலை அவ்வாண்டின் இறுதியில் தம் பெயரில் வெளியிட்டார். ஆயினும் அரசியல் பற்றிய நூலைப் பெயரின்றியே வெளியிட்டார்.

உடம்பும் ஆளும்

டப்ளின் நகர அறிஞர் வில்லியம் மாலினோவின் தூண்டுதலால், பெருநூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் லாக் புதிய இயல் ஒன்றைச் சேர்த்தார். ஒரு பொருள் காலத்தால் மாறியும் அதே பொருளாக நிற்பது எவ்வாறு என்பதே அதன் ஆராய்ச்சி. கன்றாக இருந்த ஓக் பெருமரமாகிறது. அதன் துகள்கள் மாறினும் உயிரின் தொடர்ச்சி அறாமையால் அதே மரமாக நிற்கிறது. மனித உடலும் அத்தகையதே. ஆனால், ஆள் என்பது வேறு. தன்னைத் தான் என உணர்ந்து, தன் கடந்தகாலச் செயல்களைத் தன்னுடையவை என ஏற்பதே ஆள் என்று லாக் வகுத்தார்.

இதனை விளக்க அவர் ஒரு கற்பனையைப் படைத்தார். இளவரசன் ஒருவனின் நினைவுகளைச் சுமந்த உயிர், கூடுவிட்டுக் கூடு பாய்ந்தாற்போல, காலணி தைப்பவன் ஒருவனின் உடம்பில் புகுகிறது. ஊரார் கண்ணுக்கு அவன் பழைய தொழிலாளியே. ஆளோ இளவரசன், இளவரசன் செய்தவற்றுக்கே அவன் பொறுப்பாவான். ஆகவே, ஆள் என்னும் சொல் நன்மை தீமைகளுக்குப் பொறுப்பேற்பவரைக் குறிப்பது என லாக் கருதினார்.

எழுந்த தடைகள்

1785இல் ஸ்காட்லாந்து அறிஞர் தாமஸ் ரீட் ஒரு தடையை எழுப்பினார். பழத்தோட்டத்தில் திருடி அடிபட்ட சிறுவன், பின்னர்ப் படைவீரனாகிப் பகைவரின் கொடியைக் கைப்பற்றுகிறான், முதுமையில் தளபதியாகிறான். வீரனுக்குச் சிறுவயது அடி நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடியைக் கைப்பற்றியது நினைவிருக்கிறது, அடி மறந்துவிட்டது. நினைவே அளவுகோல் எனின், சிறுவனும் வீரனும் ஒருவர். வீரனும் தளபதியும் ஒருவர். ஆனால், சிறுவனும் தளபதியும் வெவ்வேறானவர் என்றாகும்.

தொலைப்பெயர்ச்சி இன்னொரு தடையைக் காட்டுகிறது. லாக்கின் அளவுகோல்படி, நினைவுகளுடன் அங்கு எழுபவர் புறப்பட்டவரே. அணுக்கள் மாறியது பொருட்டன்று. ஆனால், எந்திரம் பழுதுற்று இங்குள்ள உடல் மறையாமல் நின்றால், ஒரே நினைவுடன் இருவர் இருப்பர். இருவரும் ஒருவராதல் இயலாது. கடனைத் தீர்க்க வேண்டியவர் யார்? குற்றத்திற்கு விடையிறுக்க வேண்டியவர் யார்? நினைவு மட்டுமே இவற்றுக்கு விடை தருவதில்லை. எனினும், கேள்வியை உடம்பிலிருந்து பொறுப்பின் பக்கம் திருப்பியவர் லாக்கே.

இறுதிக்காலம்

லாக் தம் இறுதி ஆண்டுகளை எசெக்ஸ் பகுதியின் ஓட்ஸ் என்னுமிடத்தில், மெய்யியல் அறிந்த டாமரிஸ் மாஷம் அம்மையாரின் இல்லத்தில் கழித்தார். 1704ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், தம் விருப்ப ஆவணத்தில், பெயரின்றி வெளியிட்ட நூல்களைத் தம்முடையவை என அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அரசியல் நூல் வெளிவந்து அப்போது பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நோயால் உடல் தளர்ந்திருந்தது. ஆயினும் முன்பு எழுதியவரும் அன்று ஒப்புக்கொண்டவரும் ஒருவரே என்பதற்கு அவர் கையொப்பமே சான்றானது. தாம் செய்ததைத் தமதென ஏற்பவரே ஆள் என்னும் தம் கொள்கைக்கு அவர் வாழ்வே விளக்கமாக அமைந்தது.